'திருப்தியானால் வாங்குவேன்' என்று மட்டும் எழுதாதீர்கள்

கிழக்கிலங்கையில், களுவாஞ்சிகுடியிலோ அக்கரைப்பற்றிலோ காணி வாங்க முற்பணம் கொடுக்கும்போது, ஒப்பந்தத்தில் 'வாங்குபவருக்குத் திருப்தியாக இருந்தால்' என்று ஒரு வரி சேர்ப்பார்கள். பாதுகாப்பு மாதிரித் தெரியும். ஆனால் எதில் திருப்தி? யார் தீர்மானிப்பது? இதைச் சொல்லாத வரி நாளைக்குச் சண்டைக்குத்தான் உதவும். வெறும் மனப்போக்கில் விட்ட நிபந்தனை நீதிமன்றத்தில் நிற்பது கடினம்.

ஆகவே விபரமாக எழுதுவியுங்கள்: 'காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்து, ஈடோ தடையோ இல்லை என்று வாங்குபவரின் சட்டத்தரணி 30 நாளுக்குள் எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும்; இல்லையென்றால் 14 நாளுக்குள் முற்பணம் முழுவதும் திரும்ப வேண்டும்.' கரையோரக் காணி என்றால் கிணற்றுத் தண்ணீர் உவர் இல்லை என்பதையும், எந்த ஆய்வுகூட அறிக்கையை ஏற்பது என்பதையும் சேருங்கள். அனுமதிப்பத்திரக் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த அரச காணி) என்றால் பிரதேச செயலாளரின் சம்மதம் கட்டாய நிபந்தனை; நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

அப்புறம், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை ஒப்பந்தம் இரண்டு சாட்சிகளோடு நொத்தாரிசு முன் கையெழுத்தாக வேண்டும். முத்திரை ஒட்டிய வெறும் பற்றுச்சீட்டை வைத்துக் காணியை எழுதித் தரச் சொல்லி வழக்காட முடியாது.