தேயிலைக் கொழுந்தில் நொதியைப் பார்ப்பது எப்படி?

மூணாறு, சூரியநெல்லி, பூப்பாறைப் பக்கம் இருப்பவர்கள் வேதிவினையை வேகப்படுத்தும் நொதியைப் (என்சைம்) பற்றி அறிய ஆய்வகம் தேடி அலைய வேண்டியதில்லை. பச்சையாகத் தொழிற்சாலைக்குள் போகும் கொழுந்து கருந்தூளாக வெளியே வருவதற்கு முதற்காரணம் இலைக்குள்ளேயே இருக்கும் ஒரு நொதி. பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்பது அதன் பெயர். பாடநூல்கள் பூட்டும் சாவியும் வரைந்து பாடத்தைத் தொடங்கும். நாம் இலையைக் கசக்கித் தொடங்கலாம். அந்தப் படத்தைப் பிறகு பார்ப்போம்.

ஒரு கைப்பிடி கொழுந்து, ஓர் எலுமிச்சை, ஐந்து தட்டுகள், அம்மி அல்லது சிறிய உரல் போதும். கேட்டுவிட்டுக் கிள்ளுங்கள். அண்மையில் மருந்து அடித்த காடு என்றால் வேண்டாம். தேயிலை கிடைக்காத ஊரில் கத்தரிக்காயை நறுக்கிக்கொள்ளுங்கள். அதைப் பழுப்பாக்குவதும் இதே வகை நொதிதான்.

படி 1: கொழுந்தை ஐந்து பங்காகப் பிரியுங்கள். முதல் பங்கைத் தொடாமல் தட்டில் வையுங்கள்.

படி 2: இரண்டாவது பங்கை நன்றாக நசுக்கிப் பரப்பி வையுங்கள்.

படி 3: மூன்றாவதைக் கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டெடுத்து, அதன் பிறகு நசுக்குங்கள். மூணாறு உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கவலை வேண்டாம், நம் வேலைக்கு அந்தச் சூடு தாராளம்.

படி 4: நான்காவதை எலுமிச்சைச் சாற்றோடு சேர்த்து நசுக்குங்கள். ஐந்தாவதை நசுக்கிய கையோடு பிரிட்ஜில் வையுங்கள்.

ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டாவது தட்டு செம்பு நிறத்துக்கு மாறியிருக்கும், மணமும் மாறியிருக்கும். முதல் தட்டில் இலை வாடியிருக்கலாம், ஆனால் பச்சைதான். இலைக்குள் கேட்டக்கின் என்ற பொருள் செல்லின் நுண்குமிழ்ப் பையிலும், நொதி பசுங்கணிகத்திலும் தனித்தனியாக அடைபட்டிருக்கின்றன. நசுக்கும்போது தடுப்புகள் கிழிந்து இரண்டும் கலக்கின்றன. காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் வந்து சேர்கிறது. நொதி கேட்டக்கினை ஆக்சிஜனேற்றம் செய்ய, அதிலிருந்து படிப்படியாகத் தேநீருக்குப் பளிச்சென்ற நிறம் தரும் தியாஃபிளேவினும், செம்பழுப்பு தரும் தியாரூபிஜினும் உருவாகின்றன. தொழிற்சாலையில் இலையை அரைப்பது இதற்காகத்தான். பதம் வந்ததும் சூடான காற்றில் உலர்த்தி நொதியை நிறுத்திவிடுவார்கள்.

மூன்றாவது தட்டு பழுப்பாகாது. நொதி ஒரு புரதம். குறிப்பிட்ட விதத்தில் மடிந்திருப்பதால்தான் அதன் செயல்படு மையத்தில் கேட்டக்கின் போய்ப் பொருந்துகிறது. எமில் ஃபிஷர் 1894இல் சொன்ன பூட்டு-சாவி உவமை இந்தப் பொருத்தத்தைத்தான் குறிக்கிறது. கொதிநீர் அந்த மடிப்பைக் கலைத்துவிட்டது. கிரீன் டீ செய்கிறவர்கள் கொழுந்தை முதலிலேயே ஆவியிலோ சட்டியிலோ சூடாக்குவதன் ரகசியமும் இதுவே.

எலுமிச்சைத் தட்டு மங்கிய பச்சையாக நிற்கும். அமிலம் நொதியை முடக்குகிறது, வைட்டமின் சி பழுப்பாவதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பிரிட்ஜில் வைத்தது மெதுவாகவே நிறம் மாறும். வெளியே எடுத்து வைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். குளிர் நொதியைச் சோம்பலாக்கும், கொல்லாது.

இந்த நொதி இல்லாவிட்டால் கேட்டக்கின் மாறவே மாறாதா? மாறும், மிக மெதுவாக. எந்த வினையும் தொடங்க ஒரு தடையைத் தாண்ட வேண்டும். அதற்குக் கிளர்வு ஆற்றல் என்று பெயர். போடியிலிருந்து மூணாறுக்கு வர போடிமெட்டு ஏறித்தான் ஆக வேண்டும். நடுவே தாழ்வான ஒரு கணவாய் கிடைத்தால் பயணம் எளிதாகும். ஆனால் போடியும் மூணாறும் இருந்த உயரத்திலேயேதான் இருக்கும். நொதி ஒரு வினையூக்கி, அதாவது தான் செலவாகாமல் வினையை வேகப்படுத்தும் பொருள். அது செய்வதும் அவ்வளவுதான். வேகம் கூடும், வினை கடைசியில் எட்டும் சமநிலை மாறாது.

படி 5: வினையூக்கி செலவாவதில்லை என்பதையும் பார்த்துவிடலாம். மருந்துக்கடையில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கி, கண்ணாடி டம்ளரில் சிறிது ஊற்றி, பச்சை உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றைப் போடுங்கள். நுரை பொங்கும். கிழங்கிலுள்ள கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது. நுரை அடங்கியதும் திரவத்தைக் கொட்டிவிட்டு, அதே துண்டின் மேல் புதிதாக ஊற்றுங்கள். மறுபடியும் பொங்கும். வேகவைத்த கிழங்கைப் போட்டால் அந்தப் பொங்கல் இருக்காது. சிறுவர்கள் செய்தால் பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும், கண்ணில் தெறிக்கக் கூடாது.

இதே வேலையை மாங்கனீசு டைஆக்சைடு என்ற கரும்பொடியும் செய்யும். அது நொதி அல்ல, கனிம வினையூக்கி. கொதிநீரில் போட்டாலும் அதன் திறன் போகாது. கேட்டலேஸ் சூட்டுக்கு அஞ்சும், ஆனால் வேகத்தில் பெரும்பாலான வினையூக்கிகளைத் தோற்கடித்துவிடும்: அதன் ஒரு மூலக்கூறு நொடிக்கு லட்சக்கணக்கான பெராக்சைடு மூலக்கூறுகளை உடைக்கக்கூடியது.