பூத்தையல் பதித்த பழைய மரச்சாமான் வாங்குவோர் செய்யும் தவறுகள்

இயந்திர உற்பத்திக்கு எதிராகக் கைவேலையைப் போற்றி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் எழுந்தது ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் இயக்கம். அந்த இயக்கத்துச் சாமான் சேகரிப்பவர்கள் பலர் மரத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள், இணைப்புகளைத் தடவிப் பார்க்கிறார்கள். அதில் பதித்திருக்கும் பூத்தையல் துணியை மட்டும் அழகைப் பார்த்ததோடு விட்டுவிடுகிறார்கள். ஏமாறுவது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் பெயர். லண்டனில், இந்த இயக்கத்தின் முன்னோடியான வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸின் நிறுவனத்தில் எம்பிராய்டரிப் பிரிவை அவர் மகள் மே மோரிஸ் 1885இல், 23 வயதில் ஏற்றார். அதனால் அந்த நிறுவனத்துத் துணி என்றாலே ‘மே மோரிஸ் கைத்தையல்’ என்று விலையை ஏற்றிவிடுகிறார்கள். உண்மையில் அங்கே பூவடிவத்தைத் துணியில் வரைந்து, பட்டுநூலோடு விற்பதும் உண்டு. வாங்கியவர்கள் வீட்டில் தைத்து முடித்தார்கள். வடிவம் ஒருவருடையது, தையல் வேறொருவருடையது. பெயர் தெரியாத அந்த வீட்டுப் பெண்களின் வேலையை நான் குறைவாக மதிக்கவில்லை. இந்த இயக்கம் போற்றியதே கைவேலையைத்தான். ஆனால் சான்றில்லாத பெயருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்து, பின்பக்கம் பார்க்காமல் வாங்குவது. கணப்படுப்பின் முன் வைக்கும் திரைச்சட்டம் என்றால் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். வெயில் படாத பின்பக்கத்தில் நூலின் பழைய நிறம் ஓரளவு தங்கியிருக்கும். முன்னும் பின்னும் ஒரே பளிச்சென்று இருந்தால் துணியின் வயதைக் கேளுங்கள். சட்டத்தில் பழைய ஆணித் துளைகள் இருந்து, துணி ஓரத்தில் அவற்றுக்கு ஈடான துளைகள் இல்லையென்றால், அந்தத் துணி பிற்பாடு மாட்டியதாக இருக்கலாம்.

வாங்கியதும் துவைப்பதுதான் மீள முடியாத தவறு. நீர் பட்டால் சாயம் கசியலாம்; லினன் துணி சுருங்கி, பட்டுநூல் சுருங்காமல் நின்றால் பூவெல்லாம் புடைத்துக்கொள்ளும். எடை கூட்ட உலோக உப்பு ஏற்றிய அக்காலப் பட்டு தானாகவே வெடித்துக் கீறும், அதைத் தொடவே கூடாது. தூசி மட்டும் என்றால் மெல்லிய வலையை மேலே பிடித்து, வேக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் ஓட்டலாம். அதற்கு மேல் துணிப் பாதுகாப்பு நிபுணரின் வேலை.

மரத்துக்கு உப்புத்தாள் போடாதீர்கள். இதே பாணியில் மரச்சாமான் செய்த அமெரிக்காவின் குஸ்டாவ் ஸ்டிக்லி பட்டறையில் ஓக் மரத்தை அம்மோனியா ஆவியில் வைத்துக் கருமையாக்கினார்கள். மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு ஆவி வினைபுரிந்து வந்த நிறம் அது. தேய்த்தால் அந்த நிறமும் போகும், சாமானின் மதிப்பும் போகும்.

பிறகு வைக்கும் இடம். அருங்காட்சியகங்கள் இத்தகைய துணிக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்கின்றன, ஜன்னலோரம் அதைவிடப் பல மடங்கு அதிகம். ஓக் மரம் அமில ஆவி விடும் என்பதால் துணிக்கும் பின்பலகைக்கும் நடுவே அமிலமற்ற தாள் வையுங்கள். கம்பளி நூல் தையலாக இருந்தால் அந்துப்பூச்சி இருக்கிறதா என்று மடிப்புகளையும் சட்டத்தின் இடுக்குகளையும் அவ்வப்போது பாருங்கள்.