தீயணைக்கப் போய்க் காயப்பட்டால்: வன்னிச் சபைகள் மருத்துவச் செலவுக் கோவையைக் கட்டும் முறை

வட இலங்கையின் வன்னியில் தீ என்றால் எல்லா இடத்துக்கும் சிவப்பு வண்டி வராது. கரைச்சிப் பிரதேச சபைக்கும் வவுனியா மாநகர சபைக்கும் தீயணைப்புப் பிரிவு உண்டு. பல சபைகளில் தண்ணீர்ப் பவுசர்தான் (தாங்கி வண்டி) ஓடுகிறது. அதில் போகிறவர்கள் சாரதியும் ஒன்றிரண்டு வேலைத்தொழிலாளிகளும். நியமனக் கடிதத்தின்படி இவர்கள் தீயணைப்பாளர்கள் அல்ல. காயப்பட்ட பிறகு செலவைக் கேட்டுக் கோவை (ஆவணக் கோப்பு) போகும்போது முதலில் இடறுவது இங்கேதான்.

எனவே வேலை வைத்தியசாலையில் தொடங்குவதில்லை, பவுசர் வெளிக்கிடும்போதே தொடங்குகிறது. வண்டியின் ஓட்டப் பதிவான ரனிங் சார்ட்டில் "தண்ணீர் விநியோகம்" என்று வழக்கம்போல எழுதிவிட்டால் பிறகு எவராலும் காப்பாற்ற முடியாது. "தீயணைப்பு" என்ற சொல்லும், இடமும், புறப்பட்ட நேரமும், போனவர்களின் பெயரும் இருக்கவேண்டும். இரவில் தொலைபேசியில் கட்டளை கொடுத்திருந்தால் மறுநாள் காலையிலேயே சபைச் செயலாளர் அதை எழுத்தில் உறுதிப்படுத்திக் கையொப்பமிட வேண்டும். ஒரு கிழமை கழித்து எழுதிய கடிதத்தைக் கணக்காய்வாளர் திகதியைப் பார்த்தே மடக்கிவிடுவார். பவுசர் ஓடும் சபைகள் ஆண்டுத் தொடக்கத்திலேயே யார் யார் தீக்குப் போகலாம் என்று பெயர் குறித்து ஓர் அலுவலகக் கட்டளை போட்டுவைப்பது நல்லது. ஒரு பக்கக் கடதாசிதான், ஆனால் பெரும்பாலான இழுபறி அதோடு முடிந்துவிடும்.

பற்றைக்காடு எரியும்போது நிலத்தில் கிடக்கும் பழைய வெடிபொருள் வெடிப்பது எங்கள் பக்கத்துக்கே உரிய ஆபத்து. சிதறல் பட்ட காயமென்றால் அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு பதிந்து, சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கும் போகவேண்டும். "நெருப்புச் சுட்டது" என்று மட்டும் சேர்க்கும்போது சொல்லிவிட்டால், பிறகு காயத்தின் தன்மையும் முறைப்பாடும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

வைத்தியசாலையில் கவனிக்கவேண்டியது ஒன்றுதான். சேர்க்கும்போது "வேலை நேரத்தில், தீயணைக்கையில் ஏற்பட்ட காயம்" என்று சொல்லி எழுதுவியுங்கள். வெளியேறும்போது தரும், நோய் விவரம் எழுதிய டயக்னோசிஸ் கார்ட்டில் பெயர், அடையாள அட்டை இலக்கம், சேர்ந்த திகதி, வெளியேறிய திகதி நான்கையும் அங்கேயே நின்று சரிபாருங்கள். முல்லைத்தீவிலிருந்தோ மாங்குளத்திலிருந்தோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு மாற்றினால் இரண்டு இடத்து ஆவணமும் வேண்டும். பிறகு ஒரு பிழைக்காக மூன்று பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய்வருவது காயத்தைவிடக் கஷ்டம்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம், பிறகென்ன செலவு என்று கேட்கலாம். வெளியில் எடுக்கச் சொல்லும் மருந்து, தனியார் ஆய்வுகூடப் பரிசோதனை, எரிகாயத்துக்கான கட்டு, இவைதான் கையைக் கடிக்கும். ஒவ்வொரு பாமசி பில்லோடும் வைத்தியர் எழுதிய, அதற்குரிய மருந்துத் துண்டின் பிரதி இருக்கவேண்டும். துண்டில்லாத பில் வெறும் கடதாசி. வெப்பத்தாளில் அடிக்கும் பில் எங்கள் வெயிலுக்குச் சில மாதங்களிலேயே வெளுத்துப்போகும். வாங்கிய அன்றே பிரதி எடுத்து மூலத்தோடு சேர்த்துக் குத்துங்கள்.

இனிக் காசு எங்கே என்று பார்ப்போம். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உதாரணம்: அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. கடமையில் காயப்பட்டு வேலையை இழந்த தீயணைப்பாளருக்கு அவருடைய தொழில்தருநர் 65 வயதுவரை சுகாதாரக் காப்புறுதிப் பங்கைக் கட்டவேண்டும். முந்திய நிதியாண்டில் கட்டியதில் ஒரு பகுதியைத் தொழில்தருநர் ஆகஸ்ட் 1க்குள் மாநிலத்திடம் கேட்கலாம். நிதியத்தில் இருக்கிற அளவைப் பொறுத்து விகிதப்படிதான் கிடைக்கும். இங்கே சபைக்குத் திருப்பித் தரும் அப்படியொரு தனிக் கணக்கைத் தேடி அலையவேண்டாம். இருப்பதை ஒழுங்காகக் கேட்டால் போதும்.

நிரந்தர ஊழியருக்கு முதல் வழி அக்ரஹார என்ற அரச ஊழியர் மருத்துவக் காப்புறுதி. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துவது. சம்பளச் சிட்டையில் அதற்கான கழிவு போகிறதா என்பதை முதலில் பாருங்கள். விண்ணப்பத்தைச் செயலாளர் உறுதிப்படுத்தி அனுப்பவேண்டும். மூல பில், டயக்னோசிஸ் கார்ட், வங்கிப் புத்தகப் பிரதி இணைப்பு. பழைய 9 இலக்க அடையாள அட்டையில் சேர்ந்தவர் இப்போது 12 இலக்க அட்டை வைத்திருந்தால், இரண்டும் ஒருவருடையதே என்ற குறிப்பையும் வையுங்கள். பலர் விட்டுவிடும் இன்னொன்று: அரச வைத்தியசாலை விடுதியில் தங்கிய நாட்களுக்கு, பில் எதுவும் இல்லாவிட்டாலும், நாள் கணக்கில் கொடுப்பனவு உண்டு. கார்ட்டில் திகதியைச் சரிபார்க்கச் சொன்னது இதற்காகவும்தான்.

அக்ரஹார தருவது ஊழியரின் கைக்குப் போகிறது, சபைக்கு அல்ல. சபை முற்பணமாகச் செலவு செய்திருந்தால், ஒரே பில்லை இரண்டு இடத்தில் காட்டும் பிரச்சினை வந்துவிடும். மூல பில் ஒன்றுதான்; அது எங்கே போகிறது என்பதை முன்கூட்டியே தீர்மானித்து, மற்றக் கோவையில் "மூலம் அக்ரஹாரவுக்கு" என்று பிரதியில் எழுதி வையுங்கள். கடமையில் ஏற்பட்ட விபத்துக்கான நட்டஈட்டை அரச நிர்வாகச் சுற்றறிக்கை 22/93, அதன் பின்னைய திருத்தங்கள் ஆகியவற்றின் கீழ், உள்ளூராட்சி உதவி ஆணையாளர் ஊடாகக் கேட்கவேண்டும்.

லீவில் ஒரு பொறி இருக்கிறது. அரச ஊழியருக்கான விதிகளைக் கொண்ட தாபன விதிக்கோவையின் 12ஆம் அத்தியாயத்தின்படி விபத்து லீவுக்கு விண்ணப்பிக்காமல், சொந்த லீவு முடிந்ததும் சம்பளமற்ற லீவாகப் போட்டுவிடுகிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட ஆளணியில் (ஊழியர் எண்ணிக்கையில்) உள்ளவரின் சம்பளம் சபைக்கு அரசாங்கத்திடமிருந்து மீளளிக்கப்படுவது. சம்பளப் பட்டியலில் குறைந்தால் மீளளிப்பும் குறையும். பிறகு நிலுவையாகக் கேட்டு எழுதிக்கொண்டிருக்க வேண்டும். அவருக்குப் பதிலாக எடுக்கும் அமய (தற்காலிக) ஊழியரின் கூலி எப்படியும் சபையின் சொந்த நிதிதான். அதற்குப் பாதீட்டில் தலைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அமய ஊழியரே காயப்பட்டால், கைவிடப்பட்டவர் என்று எண்ணவேண்டாம். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் இருக்கிறது. 2022இல் வந்த திருத்தம் நட்டஈட்டின் உச்ச வரம்பை 5,50,000 ரூபாவிலிருந்து 20 லட்சமாக உயர்த்தியது. வேலைக்கு வந்துபோகும் வழியில் நேரும் விபத்தையும் சேர்த்தது. கோரிக்கையை 2 ஆண்டுக்குள் வைக்கவேண்டும். உயிரிழப்பு என்றால் சபை இரக்கப்பட்டுக் குடும்பத்தின் கையில் நேரே கொடுக்கும் காசு சட்டப்படி நட்டஈடாகக் கணக்கிடப்படாது. தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்பிட்டால்தான் செல்லும். ஆணையாளரே இறந்தவரை நம்பி வாழ்ந்தவர்களுக்குப் பங்கிடுவார். செத்தவீட்டுச் செலவுக்கென்று கொடுக்க விரும்பினால் அதை வேறு வவுச்சரில், வேறு பெயரில் கொடுங்கள்.