வான் வண்டியின் மோல்டிங்கில் இறுகிப்போன டபுள் டேப் பசையை அகற்றும் முறை

வான் வண்டியின் கதவுக்கு மேலே மழைச்சாரலைத் தடுக்க ஒட்டிய வைசர் கழன்று விழுந்தாலும், அதைப் பிடித்திருந்த டபுள் டேப் விழுவதில்லை. மட்டக்களப்பு வெயிலில் சில வருடங்கள் நின்ற வானில் அந்தப் பசை கறுத்து, கச்சான் காற்று கொண்டுவரும் மணலையும் தூசியையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு, கல்லாகவும் இல்லாமல் களியாகவும் இல்லாமல் இறுகிவிடும். அதை எதனால் கரைக்கலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஆனால் பசை எதன் மேல் ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதை நான் ஒரு பம்பரைக் கெடுத்துத்தான் அறிந்துகொண்டேன். கல்லடியில் எங்கள் முற்றத்தில் நின்ற வானின் பின் பம்பர் மூலையில் இருந்த ஸ்டிக்கர் பசையைப் போக்க, பெயின்ற் அடித்த பின் மிஞ்சியிருந்த தின்னரைத் துணியில் நனைத்துத் தேய்த்தேன். பசை ஒரு நிமிடத்தில் போனது. அதோடு அந்த இடத்தின் வழவழப்பும் போய், உள்ளங்கையளவு வெளுத்த திட்டு ஒன்று இன்றைக்கும் அங்கே இருக்கிறது. தின்னரும், நகப்பூச்சு நீக்கியில் உள்ள அசிற்றோனும் பெயின்றையும் ஏபிஎஸ் வகைப் பிளாஸ்டிக்கையும் பசையோடு சேர்த்தே கரைத்துவிடும். கழற்றக்கூடிய பாகமானால் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்லும் பிபி (PP) அல்லது ஏபிஎஸ் (ABS) என்ற எழுத்துகள் பெரும்பாலும் அச்சில் வார்க்கப்பட்டிருக்கும். மோல்டிங் எனப்படும் சொரசொரப்பான கறுப்புப் பட்டைகள் பெரும்பாலும் பிபி வகையைச் சேர்ந்தவை. குரோம் பூசிய எழுத்துகளும் பட்டைகளும் பொதுவாக ஏபிஎஸ்.

முதலில் சவர்க்கார நீரால் நன்றாகக் கழுவி மணலை நீக்குங்கள். மணல் இருக்கும்போது தேய்த்தால், துணியே அரத்தாள் ஆகிவிடும். பின்னர் காலை ஒன்பது மணி வெயிலில் வண்டியைச் சிறிது நேரம் நிறுத்தினால் பசை இளகத் தொடங்கும். வெயில் இல்லாத நாளில் ஹெயார் டிரையர் போதும். கை வைத்துப் பொறுக்கக்கூடிய சூடே வேண்டிய சூடு. உச்சி வெயில் உதவாது. அப்போது பசை பாகாக உருகி, துடைக்கத் துடைக்கப் பரவும்.

நுரை போன்ற தடித்த டேப் எஞ்சியிருந்தால், அதைக் கத்தியால் சுரண்டாமல் தங்கூசியால், அதாவது நைலோன் தூண்டில் நூலால், அறுப்பதே நல்லது. வாவிக்கரையில் தூண்டில் போடுபவர் வீட்டில் ஒரு முழம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இரு முனைகளையும் சிறு தடிகளில் சுற்றிப் பிடித்து, மோல்டிங்கின் மேற்பரப்போடு ஒட்டினாற்போல் வாள் அறுப்பதுபோல் இழுத்தால் நுரை துண்டாக வந்துவிடும். அடியில் தங்கும் மெல்லிய படலத்தைப் பெருவிரலால் ஒரே திசையில் அழுத்தி உருட்டுங்கள். பாதி அழுக்கு அழிறப்பர் தூள்போல் உருண்டு வரும். கண்ணாடியில் மட்டும் பிளேட்டைப் பயன்படுத்தலாம். மற்ற இடங்களுக்குப் பழைய பிளாஸ்டிக் அட்டையின் ஓரம் போதும். குரோம் எழுத்துகளின் இடுக்குகளுக்கு, ஈர்க்கின் நுனியில் துணியைச் சுற்றிக்கொண்டால் கீறல் விழாது.

அதற்கும் போகாத பசைக்குத்தான் எண்ணெய். பெயின்ற் அடித்த இடத்துக்கும் கறுப்பு மோல்டிங்குக்கும் மண்ணெண்ணெய் போதுமானது. அது பசையை ஊறச்செய்து பிடியை விடவைக்கிறது. முதலில் கண்ணுக்குப் படாத ஓரிடத்தில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். பின்னர் வண்டியை நிழலுக்குக் கொண்டுவந்து, நனைத்த துணியைப் பசைமேல் ஐந்து நிமிடம் போட்டுவிட்டு, அட்டையால் வழித்தெடுங்கள். போகாவிட்டால் இன்னொரு ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். பலமாகத் தேய்க்க வேண்டாம். மண்ணெண்ணெய் ஆவி 38 பாகை செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றக்கூடியது என்பதால், இந்தக் கட்டத்தில் ஹெயார் டிரையரும் சிகரெட்டும் அருகில் இருக்கக் கூடாது. கண்ணாடியைச் சுற்றியுள்ள இறப்பர் பீடிங் மண்ணெண்ணெய் பட்டால் ஊதிப்போகும். அதற்குப் பார்மசியில் வாங்கும் ஸ்பிரிட்டே பொருத்தம். முன்விளக்கின் பிளாஸ்டிக் முகப்பில் இவை எதுவும் வழியாமல் ஈரத் துணியால் மூடிவிடுங்கள்.

பசை போனதும், பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரால் எண்ணெய்ப் பிசுக்கை இரண்டு தடவை கழுவ வேண்டும். சொரசொரப்பான கறுப்பு மோல்டிங்கில் பழைய பல் தூரிகையால் வட்டமாகத் தேய்த்தால்தான் குழிகளில் தங்கியது வெளிவரும்; காய்ந்த பின் வெண்படலம் தெரிந்தால் அது பெரும்பாலும் எஞ்சிய பசையே, பிளாஸ்டிக் கெட்டதன் அடையாளம் அல்ல.

அதே இடத்தில் புதிய வைசர் ஒட்டுவதானால், ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, தகடு சுடாத நேரத்தில் ஒட்டி, முழு நீளத்துக்கும் விரலால் அழுத்துங்கள். டேப் நன்றாகப் பிடிக்க ஒரு நாளாவது ஆகும். அதற்குள் வண்டியைக் கழுவாதீர்கள். மாரி மழை விடாமல் பெய்யும் கார்த்திகை, மார்கழி மாதங்களில், கூரை உள்ள இடம் கிடைக்காவிட்டால், வைசரை வீட்டுக்குள் வைத்துத் தை மாதத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.