பாராட்டு மடல் எழுதப் போகிறவர்களுக்கு

பெங்களூரில் ஒரு தமிழ் அமைப்பு யாரையாவது பாராட்டத் தீர்மானித்தால் மண்டபம், மாலை, சிற்றுண்டி எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்துவிடும். மடலை எழுதும் வேலை மட்டும் விழாவுக்கு முதல் நாள் இரவில் யாராவது ஒருவர் தலையில் விழும். அல்சூர்ப் பக்கத்தில் பல ஆண்டுகள் அந்தத் தலை என்னுடையதாக இருந்ததால் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் அடைமொழிகளை எடுத்துவிடுங்கள். 'சேவைச் செம்மல்' என்பது எவருக்கும் பொருந்தும் என்பதாலேயே இவரைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அதன் இடத்தில் அவர் செய்த வேலையை ஆண்டோடும் அளவோடும் எழுதுங்கள். இந்த ஊருக்கு இது பழைய வழக்கந்தான். டொம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் கொடுத்தவர் யார், கொடுத்தது என்ன என்று பதிவு செய்கின்றன. பேகூரில் உள்ள, ஏறக்குறைய 890ஆம் ஆண்டைச் சேர்ந்த பழங்கன்னடக் கல்வெட்டு, பெங்களூர்ப் போரில் ஒருவன் இறந்த செய்தியைச் சொல்கிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 தரையிறங்கியதும், இங்குள்ள கட்டுப்பாட்டு மையத்திலிருந்து இஸ்ரோ தலைவர் சோமநாத் அறிவித்தது, இந்தியா நிலவில் இருக்கிறது என்பதே. அதில் ஓர் அடைமொழியைச் சேர்த்துப் பாருங்கள், உடனே இளைத்துவிடும்.

தகவலைப் பாராட்டப்படுபவரிடம் கேட்காதீர்கள். "அப்படி ஒன்றும் செய்யவில்லை" என்பார். வீட்டாரிடம் கேளுங்கள், பிறகு உடன் வேலை பார்த்தவரிடம் சரிபாருங்கள். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் லேத் இயக்கி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவருக்கு நான் மடல் எழுதியபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தெருப் பையன்களை வாசலில் உட்காரவைத்து வெர்னியர் என்னும் அளவுக் கருவியைப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததை அவர் மனைவி சொன்னார்; அப்படியே எழுதினேன். வாசிக்கும்போது பெரியவர் மேடையிலிருந்தே, "வெர்னியர் இல்லீங்க, மைக்ரோமீட்டர்" என்று திருத்தினார். அரங்கு சிரித்தது. அவர் முகம் மலர்ந்தது அந்த இடத்தில்தான். மடலின் மற்றப் பகுதிகளை அவர் கேட்டதாகவே தெரியவில்லை.

நிறுவனங்கள் தரும் மடல்களில் இன்னொரு குறை உண்டு. 'எங்கள் நிறுவனம் பெருமிதம் கொள்கிறது' என்று தொடங்கி ஒவ்வொரு பத்தியிலும் நிறுவனத்தையே எழுவாயாக்கி, பாராட்டப்படுபவரை ஓரமாக நிற்கவைத்துவிடுவார்கள். 'பெருமை கொள்கிறோம்' என்பது ஒரே ஒரு முறை, கடைசி வரியில் வந்தால் போதும்.

மேடையில் கன்னட விருந்தினர் இருந்தால் பொன்னாடையோடு மைசூர் பேட்டா என்னும் தலைப்பாகையும் பழக்கூடையும் வையுங்கள், மடலில் இரண்டு வரி கன்னடத்திலும் இருக்கட்டும். அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை ஏறக்குறைய 18 ஆண்டுகள் மூடியே கிடந்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டதையும், நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டதையும் கண்ட ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பொன்னாடையின் விலைச்சீட்டைக் கிழித்துவிடுங்கள். ஒரு முறை அது புகைப்படத்தில் தெளிவாக விழுந்தது. சாலையோர ஃப்ளெக்ஸ் வேண்டாம். 2018இல் உயர் நீதிமன்றம் கண்டித்த பிறகு மாநகராட்சி அவற்றுக்குத் தடை விதித்தது.

மடல் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. மூன்று நிமிடத்துக்கு மேல் நீண்டால் விருந்தினர் கைப்பேசியை எடுத்துவிடுவார். பெயரின் தலைப்பெழுத்தை அவர் கையெழுத்திடும் முறையிலேயே அச்சிடுங்கள். சட்டமிட்ட மடல் ஆணியில் ஏறிவிடும் என்பதால், சட்டமிடாத நகல் ஒன்றை உறையில் போட்டு அவர் மனைவியிடம் கொடுத்துவிடுங்கள்.