பெண் முயலின் பருவ நடத்தையும் கருத்தடை முடிவும்

மடியில் ஏறிப் படுத்துக்கொண்டிருந்த பெண் முயல், நாலைந்து மாதம் ஆனதும் கூண்டுக்குள் கை விட்டால் உறுமும், முன்னங்கால்களால் அடிக்கும், கடிக்கவும் வரும். கண்ட இடத்தில் சிறுநீர் தெளிக்கும், புழுக்கையைச் சிதறவிடும், உங்கள் காலைச் சுற்றி வட்டமடிக்கும். குணம் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் இந்தக் கட்டத்தில்தான் முயலை யாருக்காவது கொடுத்துவிடுகிறார்கள். பாவம், அதற்குப் பருவம் வந்திருக்கிறது. சிறிய இனங்கள் நான்கு மாதத்திலும், நியூசிலாந்து வெள்ளை போன்ற பெரிய இனங்கள் ஐந்தாறு மாதத்திலும் பருவமடைகின்றன.

நாய்க்கு இருப்பதுபோல் குறிப்பிட்ட இடைவெளியில் வரும் பருவம் முயலுக்குக் கிடையாது. பெரும்பாலான நாட்களில் அது இணைசேரத் தயாராகவே இருக்கும். இணைசேர்ந்து ஏறக்குறைய பத்து மணி நேரம் கழித்துத்தான் கருமுட்டை வெளியாகும். இன்னொரு பெண் முயல் மேலே ஏறினாலும் இதே தூண்டல் கிடைத்துவிடுவதால், ஆணே இல்லாத வீட்டிலும் பொய்ச்சினை (சினையாகாமலே சினைபோல் நடந்துகொள்வது) வருகிறது. அது 16 முதல் 18 நாள் நீடிக்கும். வாய் நிறையப் புல்லைக் கவ்விக்கொண்டு ஓடும். நெஞ்சிலும் வயிற்றிலும் உள்ள முடியைப் பிடுங்கிக் கூடு கட்டும்.

முதலில் உண்மையான சினையா என்று பாருங்கள். கடைகளில் குட்டியின் பாலினத்தை மாற்றிச் சொல்வது சகஜம் என்பதால், கூட இருக்கும் ‘பெண்’ முயலையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சினைக்காலம் சுமார் 31 நாள். பொய்ச்சினை என்று தெரிந்தாலும் கூட்டைக் கலைக்க வேண்டாம். கலைத்தால் மீண்டும் முடியைப் பிடுங்கித்தான் கட்டும். முயல் தானாக வெளியே வந்தபிறகு கூண்டைச் சுத்தம் செய்யுங்கள். தலையை மட்டும் தடவுங்கள், முதுகின் பின்பகுதியைத் தடவ வேண்டாம். பால்காம்புகள் சிவந்து, சூடாக, கெட்டியாக இருந்தாலோ, தீனியைக் குறைத்தாலோ மருத்துவரிடம் போங்கள்.

கடிப்பதையும் சிறுநீர் தெளிப்பதையும் பொறுமையாகச் சமாளித்துவிடலாம். கருத்தடைக்கு, அதாவது கருப்பையையும் சூலகத்தையும் எடுக்கும் அறுவைக்கு, வலுவான காரணம் கருப்பைப் புற்றுநோய்தான். அறுவை செய்யாத பெண் முயல்களுக்கு மூன்று, நான்கு வயதுக்குமேல் மிக அதிகமாக வருவது இந்த நோய், நுரையீரலுக்கும் பரவும். பெரும்பாலும் சிறுநீரில் தெரியும் ரத்தம்தான் முதல் அறிகுறி. முயலின் சிறுநீர் தீனியில் உள்ள நிறமிகளால் ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ போவதும் உண்டு. நிறமி என்றால் சிறுநீர் முழுவதும் ஒரே நிறமாக இருக்கும். கருப்பையிலிருந்து வரும் ரத்தம் பெரும்பாலும் கட்டியாகவோ, கடைசிச் சொட்டுகளிலோ தெரியும். சந்தேகம் இருந்தால் சிறுநீரைப் பரிசோதிப்பதே வழி. ஆணுக்கு மட்டும் கருத்தடை செய்தால் குட்டி பிறக்காது. இந்த ஆபத்து அப்படியே இருக்கும். அந்த ஆணையும் அறுவைக்குப் பின் ஆறு வாரம் பிரித்து வைக்க வேண்டும்.

அறுவைக்கு ஐந்தாறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட காலம் நல்லது. வயது கூடக் கூடக் கருப்பையைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து அறுவை கடினமாகும். மூன்று வயதைத் தாண்டியிருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லுங்கள். பொய்ச்சினை, மூக்கொழுகல், அதிக எடை இருந்தால் அவை சரியாகும்வரை தள்ளிப்போடுங்கள். கடும் கோடையையும் தவிர்க்கலாம். முயல் வெயில் தாங்காது.

எல்லாவற்றையும்விட முக்கியம் மருத்துவர். “முந்தின இரவு பட்டினி போட வேண்டுமா?” என்று கேளுங்கள். ஆமாம் என்றால் வேறு மருத்துவரைத் தேடுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது. பட்டினி கிடந்தால் குடல் இயக்கமே நின்றுவிடும். மாதம் எத்தனை முயல்களுக்கு அறுவை செய்கிறார், ஐசோஃப்ளூரேன் வாயு மயக்கம் உண்டா, வலிக்கு என்ன ஊசி, தையல் தோலுக்கு உள்ளே போடுவாரா என்றும் கேளுங்கள். வாய்வழியாக அமாக்சிசிலின் எழுதினால் வாங்காதீர்கள். அது குடலின் நல்ல நுண்ணுயிர்களை அழித்து முயலின் உயிரையே பறிக்கக்கூடும். பழக்கமுள்ள மருத்துவர் கிடைக்காவிட்டால் அறுவையைத் தள்ளிப்போடுவதே சரி.

அறுவை நாளன்று காலை வழக்கமான புல்லோடு மல்லித்தழையையும் எடுத்துப் போங்கள். மயக்கம் தெளிந்ததும் பழகிய வாசனை சாப்பிட வைக்கும். வீட்டில் ஏற வழியில்லாத தரைமட்டக் கூண்டில் சுத்தமான துண்டு விரித்து, ஏசி காற்று நேராகப் படாத இடத்தில் விடுங்கள். வீடு வந்தும் எதையும் தொடாமல் இருந்தால் மருத்துவரிடம் பேசிவிட்டு, பெல்லட்டை (கடையில் விற்கும் உலர் குருணைத் தீனி) வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி ஊட்டுங்கள். கிலோ எடைக்கு சுமார் 10 மி.லி., ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை. முன்பற்களுக்குப் பக்கவாட்டில் சிரிஞ்சை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். விழுங்காவிட்டால் உடனே நிறுத்துங்கள். வயிறு உப்பிக் கெட்டியாக இருந்தால் ஊட்டவே கூடாது.

பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமல் இருப்பது, ஒரு நாள் முழுக்கப் புழுக்கை போடாதது, பல்லை நறநறவென்று கடித்தபடி கூனி உட்காருவது, காது சில்லிட்டு ஈறு வெளுப்பது: இவற்றில் எது நடந்தாலும் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மற்றபடி காயத்தைக் காலையும் மாலையும் பாருங்கள். லேசான வீக்கம் பரவாயில்லை. கசிவோ பிளவோ கூடாது. தையலைக் கடிக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டினால், முயலால் தான் வழக்கமாகத் திரும்பத் தின்னும் மென்புழுக்கையைத் தின்ன முடியாது. அதிலிருந்து கிடைக்கும் சத்து அதற்குத் தேவை. ஆகவே தையலைக் கடித்தால் மட்டும் மாட்டுங்கள். பத்து நாள் குதிக்க விடாதீர்கள்.

நடத்தை மறுநாளே மாறாது. ஹார்மோன் அடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கூண்டுக்குள் கையை நீட்டினால் உறுமும் பழக்கம் சில முயல்களிடம் அதற்குப் பிறகும் இருக்கும். பெரிய இடம் கொடுத்தால் குறையும். எடை எளிதாக ஏறும் என்பதால் பெல்லட்டைக் கிலோவுக்கு 25 கிராமுக்குமேல் போடாமல், காய்ந்த புல்லை எந்நேரமும் கிடைக்கும்படி வையுங்கள்.