காக்கா பறக்கலாம், வடை உதிரக் கூடாது: கதைக் குவில்ட் தைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒட்டுத்துணிகளை எல்லாம் இணைத்து, மேல்துணியைக் கட்டிலில் விரித்துப் பார்க்கும்போது ‘அப்பாடா, முடிந்தது’ என்று தோன்றும். அப்படித் தோன்றிய பிறகுதான் நான் அதிகமாகச் சொதப்பியிருக்கிறேன். அக்காவின் பேத்திக்காக 48க்கு 60 அங்குலத்தில் ஒரு குவில்ட், அதாவது அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை, தைத்தேன். பாட்டி வடை சுட்ட கதை: ஒரு மரம், ஒரு அடுப்பு, கூடவே காக்கா, நரி, பாட்டி, வடை என்று நாலு துணிப் பொம்மைகள். அதில் நான் செய்யாத தவறு குறைவு.

முதலில் பார்டர், அதாவது மேல்துணியின் ஓரத்தில் இணைக்கும் பட்டை. நீளப் பட்டையை ஒரு மூலையில் வைத்து மறு மூலை வரை தைத்துக்கொண்டே போய், மிச்சத்தை வெட்டிவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. அங்கேதான் கோளாறு. பல முறை கைபட்டும் அயர்ன் பட்டும் மேல்துணியின் ஓரம் இழுபட்டுப் போயிருக்கும். என்னுடையது நடுவில் 60 அங்குலம், ஓரத்தில் 61. ஓரத்தை நம்பித் தைத்தேன். தரையில் விரித்தால் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்தது. முழுக்கப் பிரித்தேன். நடுவில் அளந்த நீளத்துக்கே இரண்டு பட்டைகளையும் வெட்டிக்கொள்ளுங்கள். பாதி, கால் என்று மடித்துக் குறி வைத்து, துணியிலும் அதேபோல் குறி வைத்து, குண்டூசி குத்துங்கள். தைக்கும்போது இழுபட்ட துணி கீழே, துணியை நகர்த்தும் மெஷின் பல்லைத் தொட்டபடி இருக்கட்டும். மிச்சமிருக்கும் நெளிவைப் பல்லே உள்ளே வாங்கிக்கொள்ளும்.

ஓரம் இழுபடுவதற்கு அயர்னும் ஒரு காரணம். சட்டையைத் தேய்ப்பதுபோல் ஒட்டுத்துணியைத் தேய்க்கக் கூடாது. பெட்டியை வைத்து அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும்.

தையலுக்கு விடும் கால் அங்குலத்தில் நூலிழை அளவு கூடினால் என்ன என்று தோன்றும். ஒரு தையலில் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடுதலாகப் பிடித்தால், இரண்டு துணியிலும் சேர்த்து எட்டில் ஒரு பங்கு போய்விடும். எட்டுத் தையலில் ஒரு முழு அங்குலம் காணாமல் போகும். பிறகு வரிசைகள் எப்படிச் சேரும்?

சாயம் போகும் விஷயத்தில் என் கதை இன்னும் மோசம். அடுப்புத் தீக்காக வாங்கிய சிவப்புத் துணியை நனைக்காமலே வெட்டித் தைத்தேன். முதல் துவைப்பில் பக்கத்து வெள்ளைக் கட்டங்கள் ரோஸ் நிறமாகிவிட்டன. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். கடையில் வாங்கும் சாயத் துணிக்கு அதை நம்ப வேண்டாம். தண்ணீர் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்ப அலசுங்கள். பிறகு ஈரத்துணி மேல் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை வைத்து அயர்ன் செய்யுங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் அந்தத் துணி குவில்ட்டுக்கு ஆகாது. கறுப்பு, சிவப்பு, கருநீலம் மூன்றையும் கட்டாயம் இப்படிப் பார்க்க வேண்டும்.

அடுத்து மேல்துணி, நடுவில் பேட்டிங் என்ற மெத்தென்ற விரிப்பு, அடித்துணி என்று மூன்று அடுக்குகளையும் சேர்ப்பது. மேல்துணி அளவுக்கே அடித்துணியையும் பேட்டிங்கையும் கச்சிதமாக வெட்டிவிடக் கூடாது. தைக்கத் தைக்க மேல்துணி நகரும். நாலு பக்கமும் மூன்று நான்கு அங்குலம் கூடுதலாக விட்டு, மூன்று அடுக்கையும் சேர்த்துப் போடும் குவில்ட் தையல் எல்லாம் முடிந்த பிறகு ஓரம் வெட்டுங்கள். 44 அங்குல அகலத் துணி அடித்துணிக்குப் போதாமல் இரண்டாக இணைத்தால், துணியின் கரையை முதலில் வெட்டி எடுத்துவிடுங்கள். கரை சுருங்கி நடுவில் இழுத்துப் பிடிக்கும். ஊக்கு குத்தும்போது உள்ளங்கையை எங்கே வைத்தாலும் ஒரு ஊக்காவது கையில் பட வேண்டும். நாலு அங்குல இடைவெளி என்று அளந்துகொண்டிருப்பதைவிட எனக்கு இது சுலபம். பேட்டிங் பாக்கெட்டில் தையல் வரிகளுக்கு இடையே அதிகபட்சம் எத்தனை அங்குலம் விடலாம் என்று போட்டிருக்கும். அதைப் படிக்காமல் இஷ்டத்துக்கு இடைவெளி விட்டால், நாலு துவைப்பில் பேட்டிங் உள்ளே திரண்டுவிடும். பேட்டிங்குக்குப் பதில் இலவம் பஞ்சைப் பரப்பலாமே என்று கேட்பவர்களுக்கும் இதேதான் பதில். தலையணைக்கு அது நல்ல பஞ்சு. துவைக்கும் குவில்ட்டுக்குள் கட்டி கட்டியாகிவிடும்.

குவில்ட்டின் ஓரத்தைச் சுற்றி மூடும் பைண்டிங் பட்டியை இரண்டரை அங்குல அகலத்தில் வெட்டி, இரண்டாக மடித்துப் போடுவதுதான் உறுதி. என் குவில்ட்டின் சுற்றளவு 216 அங்குலம். மூலைக்கும் இணைப்புக்கும் பத்து அங்குலம் கூட்டினால் 226. 44 அங்குல அகலத் துணியில் ஆறு பட்டிகள் வேண்டும். அரை மீட்டர் துணி போதும். பட்டிகளை நேராக இணைத்தால் அந்த இடம் தடித்து மேடாகும், சாய்வாக இணையுங்கள். மூலைக்குக் கால் அங்குலம் முன்பே தையலை நிறுத்தினால்தான் மடிப்பு ஒழுங்காக உட்காரும்.

சரி, பொம்மைகளுக்கு வருவோம். கதைப் பொம்மையைக் குவில்ட்டிலேயே நிரந்தரமாகத் தைத்துவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். பஞ்சு அடைத்த பொம்மை தண்ணீரில் கனத்து மேல்துணியைக் கிழிக்கும், உள்ளே லேசில் காயாது. மரத்தில் ஒரு பொந்து மாதிரி பாக்கெட் வைத்துவிட்டால் காக்கா உட்காரும், பறக்கும், துவைக்கும்போது தனியாகக் கழன்று வரும். ஆனால் அந்தப் பாக்கெட்டை அடுக்குகளைச் சேர்ப்பதற்கு முன்பே மேல்துணியில் தைத்தாக வேண்டும். பிறகு தைத்தால் அடித்துணியில் அதன் தையல் கோணல் மாணலாகத் தெரியும்.

பொம்மைத் தையலில் நீளத் தையல் வேண்டாம். இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பஞ்சு எட்டிப் பார்க்கும். வளைவுகளில் தையலைத் தொடாமல் சின்னச் சின்ன வெட்டுப் போட்ட பிறகு உள்புறத்தை வெளியே திருப்புங்கள், இல்லையென்றால் நரியின் காது சுருங்கிப் போகும். காக்கா அலகில் முதலில் பட்டாணி அளவுப் பஞ்சு. அது நுனி வரை போன பிறகுதான் மற்றது. பெரிய உருண்டையாக உள்ளே தள்ளினால் அலகு மொக்கையாகிக் காக்கா வாத்தாகிவிடும்.

கண்ணுக்குப் பட்டன் வைக்காதீர்கள். மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு நூலால் எம்பிராய்டரிக் கண்தான். என் வடை ஒரு அங்குல அகல ஃபெல்ட் வட்டம், நடுவில் ஓட்டையோடு பார்க்க அசல் மெதுவடை. குழந்தை அதை நேரே வாயில் போட்டாள். அக்கா விரல் விட்டு எடுத்தாள். பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் 31.7 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள்; அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் சின்னக் குழந்தைக்கு ஆபத்து என்று கணக்கு. இப்போது வடை மூன்று அங்குலம். பாட்டியின் முகத்தைவிடப் பெரிது. யாரும் குறை சொல்லவில்லை.

ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும் இடத்தில் குவில்ட்டும் வேண்டாம், பொம்மையும் வேண்டாம். மூச்சு முட்டும் ஆபத்து இருக்கிறது. அதுவரை சுவரில் மாட்டி வையுங்கள். பொம்மைகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டால் கை எட்டாத உயரத்தில்.

ஜெர்மனியில் மார்கரெட்டே ஸ்டைஃப் 1880-இல் ஃபெல்ட் யானை ஒன்றை ஊசி குத்தி வைக்கத்தான் தைத்தார். குழந்தைகள் அதை விளையாட எடுத்துக்கொண்டார்கள். நம் வீட்டில் நடப்பது தலைகீழ். விளையாடக் கொடுக்கும் பொம்மைக்குள் குண்டூசி தங்கிவிடும். எடுக்கும்போது எண்ணி எடுத்து, முடித்ததும் எண்ணிப் போடுங்கள்.

பொம்மைகளை விற்கும் எண்ணம் இருந்தால், 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருள் ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு.

அப்புறம், பைண்டிங் போடுவதற்கு முன் பின்பக்க மூலையில் ஒரு சின்னத் துணி வைத்து, யாருக்கு, எந்த வருஷம் என்று நூலில் எழுதிவிடுங்கள். நான் முதலில் தைத்த குவில்ட்டில் அது இல்லை. அதைத் தைத்தது அக்கா மகள் வயதுக்கு வந்ததற்கு முன்பா பின்பா என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் வீட்டில் பேச்சு வருகிறது.